பீரங்கி இருக்கிறது... குண்டு எங்கே?

35 வினாடிகள். ஜெர்மனியின் கெபார்ட் டாங்க், தன்னிடம் இருக்கும் விமான எதிர்ப்புக் குண்டுகள் அத்தனையையும் நிறுத்தாமல் சுட்டால் தீர்ந்துபோக ஆகும் நேரம் அவ்வளவுதான். இரட்டைக் குழல். ஒவ்வொரு குழலுக்கும் 320 குண்டுகள். இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 1,100 குண்டுகளைத் துப்பும். செல்போனில் ஒரு ரீல்ஸ் பார்த்து முடிப்பதற்குள் டாங்க் காலி!

நிஜப் போரில் யாரும் அப்படிச் சுடுவதில்லை. கொத்துக் கொத்தாக, விட்டு விட்டுத்தான் சுடுவார்கள். ஆனாலும் இந்தக் கணக்கு முக்கியம். 2022-ல் இந்த டாங்க் உக்ரைனுக்குப் போனபோது கூடவே ஒரு கேள்வியும் போனது. `குண்டு தீர்ந்தால் யாரிடம் கேட்பது?' அதற்கு ஒழுங்கான பதில் கிடைக்க 16 மாதங்களுக்கு மேல் ஆனது. நடுவில் ஸ்விட்சர்லாந்து, நார்வே, பிரேசில், கத்தார், ஜோர்டான் என்று ஆளாளுக்கு இந்தக் கதைக்குள் வந்தார்கள்.

ஹெல்மெட்டில் தொடங்கிய கதை

உக்ரைன்மீது ரஷ்யா படையெடுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2022 ஜனவரியில், ஜெர்மனி அந்த நாட்டுக்கு ஓர் உதவியை அறிவித்தது. 5,000 ஹெல்மெட்டுகள்! உலகம் கேலி செய்து தீர்த்துவிட்டது. அந்தக் கேலியின் சூடு ஆறுவதற்குள் போர் வந்துவிட்டது.

ஏப்ரல் 26. ஜெர்மனியிலுள்ள ராம்ஸ்டைன் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் நாற்பது நாடுகளின் பிரதிநிதிகள் கூடியிருந்தார்கள். அங்கேதான் ஜெர்மனியின் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கிறிஸ்டினே லாம்பிரெக்ட், உக்ரைனுக்கு கெபார்ட் டாங்குகளை அனுப்ப அனுமதி கொடுத்திருப்பதாகச் சொன்னார். எண்ணிக்கை சுமார் 50. ஜெர்மனி கனரக ஆயுதம் கொடுக்கச் சம்மதித்தது அதுதான் முதல்முறை.

கெபார்ட் என்றால் ஜெர்மன் மொழியில் சிவிங்கிப்புலி. லெப்பர்ட் டாங்கின் பழைய உடம்பில், பெரிய பீரங்கிக்குப் பதிலாக இரண்டு 35 மி.மீ. தானியங்கி பீரங்கிகளும் ரேடாரும் பொருத்தப்பட்ட வண்டி. உள்ளே மூன்று பேர். 1970-களின் தயாரிப்பு. தாழப் பறந்து வரும் சோவியத் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் சுட்டு வீழ்த்துவதற்காகச் செய்தது. சோவியத் யூனியன் போன பிறகு, `இனி இது எதற்கு?' என்று 2010-ல் ஜெர்மன் ராணுவம் இதற்கு ஓய்வு கொடுக்க முடிவு செய்துவிட்டது. வண்டிகள் தயாரிப்பாளரின் கிடங்கில் கிடந்தன. சில பிரேசிலுக்கு விற்கப்பட்டன, சில கத்தாருக்கு. இரண்டுமே கால்பந்து உலகக் கோப்பை நடத்திய நாடுகள். ஸ்டேடியத்துக்கு மேலே வானத்தைக் காவல் காக்கத்தான் வாங்கினார்கள்.

வண்டி பழசு என்றாலும் ஓடும். தூசி தட்டி, பழுது பார்த்து, உக்ரைன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஜூலை 2022-ல் முதல் மூன்று கெபார்ட்கள் போய்ச் சேர்ந்தன. குண்டுதான் இல்லை. ஜெர்மனி தன் கையிருப்பிலிருந்து துடைத்தெடுத்துக் கொடுக்க முடிந்தது ஏறக்குறைய 60,000.

60,000 என்றால் நிறைய மாதிரி தெரிகிறது, இல்லையா? நிமிடத்துக்கு 1,100 என்று வகுத்துப் பார்த்தால், ஒரே ஒரு டாங்க் தொடர்ந்து சுட 55 நிமிடங்களுக்கு வரும். 30 டாங்குகளுக்குப் பங்கு போட்டால், ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு போர் முழுவதற்கும்!

35 என்றால் எந்த 35?

இங்கே கொஞ்சம் நின்று, இந்த வகைப் பீரங்கிகளைப் பார்த்துவிடலாம்.

கையில் தூக்கிச் செல்லும் துப்பாக்கியின் தோட்டா 5 முதல் 8 மி.மீ. பருமன். பெரிய பீரங்கியின் குண்டு 155 மி.மீ. இரண்டுக்கும் நடுவே, 20 மி.மீட்டரில் தொடங்கி 57 மி.மீ. வரை ஒரு குடும்பம் இருக்கிறது. இயந்திரத் துப்பாக்கி மாதிரி தானாகவே தொடர்ந்து சுடும். ஆனால் பாய்ந்து போகும் குண்டுக்குள் பீரங்கிக் குண்டு மாதிரி வெடிமருந்து வைக்க இடம் இருக்கும். போர் விமானத்தின் மூக்கில், கப்பலின் மேல்தளத்தில், காலாட்படை வீரர்களை ஏற்றிச் செல்லும் கவச வண்டியில் என்று எங்கும் இருப்பது இந்தக் குடும்பம்தான். இவற்றைத்தான் நடுத்தரக் காலிபர் தானியங்கி பீரங்கிகள் என்கிறார்கள்.

இந்த அளவுகளுக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1868-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்பாடு செய்தன. 400 கிராமுக்குக் குறைவான எடையுள்ள வெடிக்கும் குண்டுகளைப் போரில் ஒருவர்மீது ஒருவர் பயன்படுத்துவதில்லை என்று சம்மதித்தார்கள். மனித உடம்புக்குள் போய் வெடிக்கும் சிறு தோட்டாக்களைத் தடுப்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆயுதம் செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? 400 கிராமைக் கொஞ்சம் தாண்டினால் போதுமே என்று கணக்குப் போட்டார்கள். 37 மி.மீ. குழலும் 450 கிராம் அளவுக்கு எடையுள்ள குண்டும் பிறந்தன. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய போயர் போரில் இந்த 37 மி.மீ. ரகம் `பொம்... பொம்... பொம்' என்று சுட்ட சத்தத்தாலேயே `பாம்-பாம்' என்று பெயர் வாங்கியது. பிறகு விமானங்கள் வந்தன. அவற்றை எதிர்க்க 20 மி.மீ. குண்டுகள் வந்தன. 400 கிராம் கணக்கு நடைமுறையில் காணாமல் போனது.

சரி, 35 மி.மீ. குண்டு என்றால் எப்படி இருக்கும்? பாய்ந்து போகும் பகுதி மட்டும் ஏறக்குறைய 550 கிராம். அதன் பின்னால் தோட்டாக்கூடு. அதற்குள் தள்ளும் மருந்து, அடியில் நெருப்பு மூட்டும் மூடி. எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். நீளம், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரு அடி ஸ்கேலைவிட அதிகம். மூக்கில் ஒரு குட்டி ஃப்யூஸ். குழலை விட்டுக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். இலக்கில் பட்டால் வெடிக்கும். எதிலும் படாமல் போனால், சில வினாடிகளில் தானாகவே வானில் வெடித்துச் சிதறிவிடும். நகரத்தின் மேல் சுடும்போது அரைக் கிலோ இரும்பு வெடிக்காமல் யார் வீட்டுக் கூரையிலும் விழக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

இந்த ரகக் குண்டுகளுக்கு இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் குண்டின் பருமன், இரண்டாவது தோட்டாக்கூட்டின் நீளம். கெபார்டின் குண்டு 35-க்கு 228. இரண்டாவது எண் ஒத்துவராவிட்டால் முதல் எண் ஒத்து வந்தும் பயனில்லை. நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. இந்திய ராணுவத்தின் சரத் கவச வண்டியிலும் 30 மி.மீ. பீரங்கிதான், அப்பாச்சி ஹெலிகாப்டரின் மூக்கிலும் 30 மி.மீ. பீரங்கிதான். முன்னதன் தோட்டா 30-க்கு 165. பின்னதன் தோட்டா 30-க்கு 113. ஒன்றின் குண்டை மற்றதில் போட முடியாது. ஒரே பெயரில் இரண்டு சார்ஜர் பின் இருப்பது மாதிரி.

குண்டின் நீள அகலம் பொருந்தினால் போதுமா? அதுவும் போதாது. உக்ரைன்மீது ஏவப்படும் ஷாஹெத் ட்ரோன் மணிக்குச் சுமார் 180 கி.மீ. வேகத்தில் வரும். அதாவது வினாடிக்கு 50 மீட்டர். கெபார்டின் குண்டு குழலிலிருந்து வினாடிக்கு 1,175 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும், போகப் போக வேகம் குறையும். 3 கி.மீ. தூரத்து இலக்கை எட்ட மூன்று வினாடிகளுக்கு மேல் ஆகும். அதற்குள் ட்ரோன் 150 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே, ட்ரோன் இருக்கும் இடத்தில் சுட்டுப் பயனில்லை. அது வரப்போகும் இடத்தில் சுட வேண்டும். அதை வண்டியிலுள்ள கணினி கணக்கிடும். குண்டு எவ்வளவு வேகத்தில் கிளம்பியது என்பதைக் குழல் முனையிலேயே அளந்து கணக்கைத் திருத்தவும் செய்யும். அந்தக் கணினிக்குத் தெரியாத குண்டை ஊட்டினால், பீரங்கி சுடும், குறி தவறும்.

நார்வேயில் தயாரான 35 மி.மீ. குண்டுகளை ஜெர்மனி 2022 கோடையில் கெபார்டில் போட்டுச் சோதித்தபோது இந்தப் பொருத்தம்தான் தகராறு செய்தது. அளவு சரி. ஆனாலும் முதல் சோதனைகளில் வண்டியோடு ஒத்துப்போகவில்லை. வாரங்கள் ஓடின.

இந்தக் குண்டின் ஊர் ஸ்விட்சர்லாந்து

அப்படியானால் கெபார்டுக்குப் பொருத்தமான குண்டு எங்கே தயாரானது? ஜூரிக் நகரத்தின் ஒரு பகுதியான ஓர்லிகானில். கெபார்டின் பீரங்கி அந்த ஊர்ப் பெயர் கொண்ட கம்பெனியின் வடிவமைப்பு. ஜெர்மனி வாங்கி வைத்திருந்த ஒரு பகுதிக் குண்டுகளும் அங்கே செய்தவைதான்.

ஸ்விட்சர்லாந்திடம் ஆயுதம் வாங்கும் நாடு ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். `உங்கள் சம்மதம் இல்லாமல் இதை வேறு நாட்டுக்குக் கொடுக்க மாட்டோம்.' காசு கொடுத்து வாங்கினாலும் குண்டு முழுதாக உங்களுடையது ஆகிவிடாது. ஜெர்மனியும் அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தது.

2022 ஏப்ரலில் ஜெர்மனி சம்மதம் கேட்டது. ஸ்விட்சர்லாந்து மறுத்தது. மீண்டும் கேட்டது. நவம்பரில் மீண்டும் மறுப்பு. பேச்சில் இருந்தது 12,400 குண்டுகள். அதாவது ஒரு டாங்கின் 11 நிமிடச் சுடுகை. இவ்வளவு சின்ன எண்ணிக்கைக்காகவா இரண்டு அரசாங்கங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன என்று தோன்றலாம். அந்த இரண்டாவது மறுப்பு வந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் 10 முதல் ரஷ்யா உக்ரைனின் மின் நிலையங்களைக் குறிவைத்துத் தாக்கத் தொடங்கியிருந்தது. ட்ரோன்களும் ஏவுகணைகளும் மாறி மாறி வந்தன. குளிர்காலம் வாசலில் நிற்க, கீவ் உட்பட நகரம் நகரமாக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. அங்கே மின்சாரம் இல்லை என்றால் ஃபேன் ஓடாது என்பதோடு முடியாது. வீட்டைச் சூடாக்க முடியாது, குழாயில் தண்ணீர் வராது, லிஃப்டில் முதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

ஷாஹெத் ட்ரோனின் விலை 20,000 முதல் 50,000 டாலர் வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. நம் கணக்கில் சில பத்து லட்ச ரூபாய். அதை ஒரு பேட்ரியட் ஏவுகணையால் வீழ்த்தினால் செலவு 30 கோடி ரூபாய்க்கு மேல். எந்த நாட்டுக் கஜானாவும் இதைத் தாங்காது. ஒரு கொத்து 35 மி.மீ. குண்டுகளால் வீழ்த்தினால்தான் கணக்குக் கட்டுப்படியாகும். ஓய்வு பெற்ற ஒரு கிழட்டு டாங்க் திடீரென்று எல்லோரும் தேடும் ஆளானது இப்படித்தான்.

ஸ்விட்சர்லாந்து ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தது? நடுநிலை நாடு என்பது ஒரு பாதி பதில். போரிடும் இரண்டு பக்கத்தையும் சமமாக நடத்த வேண்டும், ரஷ்யாவுக்குக் கொடுக்காததை உக்ரைனுக்கும் கொடுக்கக் கூடாது என்றது அந்த அரசு. மறு பாதி பதில் ஒரு சட்டம். அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பார்த்தால் மறுபடியும் ஓர்லிகான் வாசலிலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்பாவும் மகனும்

எமில் ப்யூர்லே, 1924-ல் ஜெர்மனியிலிருந்து ஓர்லிகான் கம்பெனிக்கு வந்தவர். பிறகு அதன் முதலாளியானார். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி ஆயுதம் செய்யத் தடை இருந்ததால், ஜெர்மன் 20 மி.மீ. பீரங்கி ஒன்றின் உரிமை ஸ்விட்சர்லாந்துக்கு நகர்ந்து வந்திருந்தது. அதை வளர்த்தெடுத்து உருவானதுதான் புகழ்பெற்ற ஓர்லிகான் 20 மி.மீ. பீரங்கி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க, பிரிட்டிஷ் கப்பல்களில் அது நின்றது. அதே போரில், 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, ஓர்லிகான் தொழிற்சாலையின் சரக்கு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போனது. கடலில் எதிரெதிரே நின்ற இரண்டு தரப்பும் ஒரே ஊர்ப் பீரங்கியின் வழித்தோன்றல்களால் சுட்டுக்கொண்டார்கள். ப்யூர்லே பெரும் பணக்காரரானார். அந்தப் பணத்தில் வாங்கிக் குவித்த ஓவியங்கள் 2021-ல் ஜூரிக் கலைக்கூடத்தின் புதிய கட்டடத்தில் வைக்கப்பட்டபோது, `இது எப்படி வந்த காசு?' என்று பெரிய சர்ச்சையே நடந்தது.

எமில் 1956-ல் இறந்தார். மகன் டீட்டர் ப்யூர்லே பொறுப்புக்கு வந்தார். 1968-ல் ஒரு விஷயம் வெளியே கசிந்தது. ஆயுதம் விற்கக் கூடாது என்று ஸ்விஸ் அரசு தடை போட்டிருந்த நாடுகளுக்கு, பொய்யான ஆவணங்களைக் காட்டி ஓர்லிகான் சரக்கு போயிருக்கிறது! அதில் தென்னாப்பிரிக்கா இருந்தது. நைஜீரியாவும் இருந்தது. அப்போது நைஜீரியாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பயாஃப்ராவில் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் நிற்கும் படங்களை உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரம். செஞ்சிலுவைச் சங்கம் பிறந்த நாட்டு மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

வழக்கு நடந்தது. 1970-ல் டீட்டர் ப்யூர்லேவுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்பட்டன. மக்கள் கோபம் அதோடு அடங்கவில்லை. ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தக் கோரி நாடு தழுவிய வாக்கெடுப்பு 1972 செப்டம்பரில் நடந்தது. ஆதரவு 49.7 சதவிகிதம். நூலிழையில் தோற்றது. ஆனால் இந்த அலையின் விளைவாக அதே ஆண்டில் போர்த்தளவாடச் சட்டம் வந்தது. யாருக்கு விற்கலாம், வாங்கியவர் யாருக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் அதன் கீழ் கண்காணிக்கப்பட்டன. 1990-களில் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. 2022 மே மாதம் அது இன்னும் இறுக்கப்பட்டது. ஆயுதம் தவறான கைக்குப் போகக் கூடாது என்று மக்களே கேட்டு வாங்கிய கட்டுப்பாடு என்பதால், எந்த அமைச்சராலும் அதைச் சுலபமாகத் தளர்த்த முடியவில்லை.

கெபார்டின் பீரங்கியை உருவாக்கியதும் அந்தத் தொழிற்சாலைதான். கெபார்டுக்குக் குண்டு போகாமல் தடுத்த சட்டம் வரக் காரணமாக இருந்ததும் அந்தத் தொழிற்சாலைதான். ஸ்விட்சர்லாந்தைச் சுயநலம் என்று திட்டித் தீர்த்த ஐரோப்பியத் தலைவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் படித்திருக்கலாம். அதே சமயம், பயாஃப்ரா குழந்தைகளை நினைத்துப் போட்ட வேலி, உக்ரைனில் ஒரு மின் நிலையத்தைக் காப்பதற்கும் குறுக்கே நின்றது என்பதையும் மறைக்க முடியாது. ஸ்பெயின் தன்னிடமிருந்த இரண்டு 35 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகளை உக்ரைனுக்குக் கொடுக்கக் கேட்டபோதும் இதே பதில்தான். சட்டத்தில் விலக்குக் கொண்டுவரும் முயற்சி ஒன்று 2023 ஜூனில் ஸ்விஸ் நாடாளுமன்றத்தின் கீழவையில் தோற்றது.

பிச்சைப் பாத்திரம்

ஜெர்மனி மற்ற கதவுகளைத் தட்டியது. கெபார்ட் வைத்திருக்கும் பிரேசிலிடம் குண்டு இருந்தது. 2023 ஜனவரி இறுதியில் ஜெர்மன் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் பிரேசில் போனார். அதிபர் லூலா, இந்தப் போரில் தன் நாட்டின் வெடிமருந்து பயன்படுவதில் விருப்பமில்லை என்று அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். கத்தாரிடம் உலகக் கோப்பை முடிந்துவிட்டதால், விற்ற 15 கெபார்ட்களை ஜெர்மனி திரும்ப வாங்கிக்கொண்டது. ஜோர்டானிடம் நெதர்லாந்தின் பழைய வண்டிகள் இருந்தன. அவற்றை உக்ரைனுக்காக வாங்க அமெரிக்கா 2023-ல் ஏற்பாடு செய்தது. இப்படி டாங்க் சேர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு டாங்க் சேரும்போதும் குண்டுப் பஞ்சம் கூடியது.

கடைசியில் ஜெர்மனி, முதலிலேயே எடுத்திருக்க வேண்டிய முடிவுக்கு வந்தது. சொந்தமாகச் செய்வது!

இது சொல்வதற்குச் சுலபம். தோட்டாக்கூடு அச்சு, குண்டின் உடலைக் கடையும் இயந்திரம், வெடிமருந்து நிரப்பும் கூடம், ஃப்யூஸ், ஒவ்வொரு தொகுப்பிலும் சிலவற்றைச் சுட்டுப் பார்க்கும் சோதனைத் திடல் என்று ஒரு காலிபருக்குத் தனி வரிசையே வேண்டும். ஆர்டர் இல்லாத காலிபருக்கு அந்த வரிசையை எந்தக் கம்பெனியும் ஓடவிட்டுக்கொண்டிருக்காது. வாடிக்கையாளர் ராணுவமே ஓய்வு கொடுத்துவிட்ட ஒரு வண்டிக்கு யார் குண்டு செய்வார்கள்?

வடக்கு ஜெர்மனியின் லூனபர்க் புல்வெளிப் பகுதியில் உன்டர்லூஸ் என்று ஒரு சின்ன ஊர். 1899 முதல் ரைன்மெட்டால் கம்பெனி அங்கே பீரங்கிகளைச் சுட்டுச் சோதித்து வருகிறது. இன்னொரு விஷயம், ஓர்லிகானின் பீரங்கித் தொழில் 1999-லிருந்து இந்த ரைன்மெட்டாலின் கையில்தான் இருக்கிறது. அதாவது, குண்டு செய்யும் ரகசியம் ஜெர்மன் கம்பெனியிடமே இருந்தது. தொழிற்சாலை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம். ஆக, உன்டர்லூஸில் புதிய வரிசை போடுவது என்று முடிவானது. ஜெர்மன் மண்ணில் செய்த குண்டுக்கு ஸ்விஸ் கையெழுத்து தேவையில்லை.

2023 பிப்ரவரியில், புதிதாகப் பதவிக்கு வந்திருந்த பாதுகாப்பு அமைச்சர் போரிஸ் பிஸ்டோரியஸ் ஒப்பந்தம் கையெழுத்தானதை அறிவித்தார். இரண்டு ரகத்தில் மொத்தம் 3 லட்சம் குண்டுகள். செப்டம்பர் 2023-ல் முதல் தொகுப்பு உக்ரைனுக்குப் புறப்பட்டது. ராம்ஸ்டைன் அறிவிப்பிலிருந்து 16 மாதங்கள் தாண்டியிருந்தன. அந்த 16 மாதங்களும் கெபார்ட் படையினர் குண்டை எண்ணி எண்ணித்தான் சுட்டார்கள்.

குண்டுக்குள் 152 மணிகள்

இதே 35 மி.மீ. குழலுக்கு இன்னொரு ரகக் குண்டும் உண்டு. அது கெபார்டில் போடுவது அல்ல. கெபார்டுக்குப் பின் வந்த ஸ்கைநெக்ஸ் என்ற புதிய பீரங்கி அமைப்பில் பயன்படுவது. 2023-ல் ஜெர்மனியின் பணத்தில் உக்ரைனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் குண்டுக்குள் 152 சின்ன டங்ஸ்டன் உருளைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 3.3 கிராம். குழலின் முனையில் கம்பிச்சுருள்கள். குண்டு அவற்றைக் கடக்கும்போது முதல் இரண்டு அதன் வேகத்தை அளக்கும். கணினி கணக்குப் போட்டு, `இத்தனையாவது நொடியில் வெடி' என்ற கட்டளையை மூன்றாவது சுருள் வழியாகக் குண்டின் ஃப்யூஸுக்குச் சொல்லிவிடும். எல்லாம் குண்டு வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே! ட்ரோனுக்குச் சற்று முன்னால் குண்டு வாயைத் திறக்கும். 152 உருளைகளும் கூம்பு மாதிரி விரிந்து, பறந்து வரும் ட்ரோனைச் சல்லடையாக்கும். நேராகப் பட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் குறைந்த குண்டில் வேலை முடியும்.

பழைய பீரங்கிகளின் இந்த மறுபிறவி ஐரோப்பாவோடு நிற்கவில்லை. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போது பாகிஸ்தானிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்த ட்ரோன்களை இந்திய ராணுவம் வீழ்த்தியபோது, ஆகாஷ் ஏவுகணைகளோடு சேர்ந்து வேலை செய்தவை எல்-70 பீரங்கிகளும் 23 மி.மீ. இரட்டைக் குழல் பீரங்கிகளும்தான். எல்-70 என்பது ஸ்வீடனின் போஃபர்ஸ் வடிவமைத்த 40 மி.மீ. பீரங்கி. போஃபர்ஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் ஊழல் புகார், 155 மி.மீ. பீரங்கி சம்பந்தப்பட்டது. இது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1960-களில், இந்தியா வந்து சேர்ந்த சின்னத் தம்பி. ரேடாரும் பகல்-இரவு கேமராக்களும் பொருத்திப் புதுப்பிக்கப்பட்டவை இப்போது எல்லையில் நிற்கின்றன.

ஜெர்மனி விஷயத்துக்கு வருவோம். வைத்திருந்த கெபார்ட்களை எல்லாம் விற்றும் கொடுத்தும் முடித்த பிறகு, அதன் சொந்தப் படைகளைத் தாழப் பறக்கும் ட்ரோன்களிடமிருந்து காக்க என்ன இருக்கிறது என்று பார்த்தால், பெரிதாக எதுவும் இல்லை. 2024 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் புதிய பீரங்கி வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. சோதனை வண்டி ஒன்றும் அதைத் தொடர்ந்து 18 வண்டிகளும். எட்டுச் சக்கர பாக்ஸர் வண்டியின் மேல் ஸ்கைரேஞ்சர் என்ற கோபுரம். அதே ரைன்மெட்டால் கம்பெனிதான் செய்கிறது.

அதன் பீரங்கி 30 மி.மீ. தோட்டா, 30-க்கு 173. உன்டர்லூஸில் அத்தனை பாடுபட்டு ஓடவிட்ட வரிசையிலிருந்து வரும் கெபார்ட் குண்டில் ஒன்றுகூட அதற்குள் நுழையாது.